யார் பக்கத்து இரத்தம்?

அன்பான தம்பி தங்கைமாரே,

ஆலயத்தில் சந்திக்கும்போது, "அக்கா, நீங்கள் டொக்டரா, நேர்ஸா?" என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. நான் மரபணு ஆலோசகர். பரம்பரை நோய் உள்ள குடும்பங்களோடு இருந்து கதைத்து, அது எப்படி வருகிறது, என்ன பரிசோதனை இருக்கிறது என்று விளக்குவதே என் வேலை. முடிவு அவர்களுடையது. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1985இலிருந்து இதற்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

எந்த நாட்டவராக இருந்தாலும் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது யார் பக்கத்திலிருந்து வந்தது?" எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி இருந்தது.

எனக்கு ஒரு அண்ணா இருந்தார். நான் பிறக்க முன்னமே, நாலு வயதில், யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். தலசீமியா. உடம்பு போதிய நல்ல இரத்தத்தை உண்டாக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். "தாய்வழி இரத்தம் சரியில்லை" என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். அம்மா மறுத்துப் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை.

படிக்கும் காலத்தில் என் இரத்தத்தைப் பரிசோதித்தேன். நான் தலசீமியா காவி. அந்த மரபணுவைச் சுமக்கிறேன், நோய் இல்லை. அன்று இரவு புவாண்ட்-கிளேரில் எங்கள் குசினி மேசையில் குடும்ப மரம் கீறினேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள் என்பதால் இடையில் இரட்டைக் கோடு. காவி என்றால் பாதி கறுப்பு. அம்மாவின் வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினேன்.

"ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் அண்ணாவின் நோய் வராது, அப்பா. இரண்டு பேரும் காவியாக இருக்கவேண்டும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு" என்றேன்.

அப்பா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை வாங்கித் தன் சதுரத்தில் பாதியைத் தானே கறுப்பாக்கினார். அம்மாவிடம், "இவ்வளவு வருசமும் உம்மைத் தனிய விட்டிட்டன்" என்றார்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இயேசுவிடம் யாருடைய பாவம் என்றுதான் கேட்டார்கள். அவர் அந்த மனிதனையும் குற்றம் சாட்டவில்லை, பெற்றோரையும் குற்றம் சாட்டவில்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் சந்திக்கப் போகுமுன் அதை நினைத்துக்கொள்வேன்.

இதே மொன்றியலில் 1970களில் டொக்டர் சார்ள்ஸ் ஸ்க்ரைவரும் அவரது குழுவும் உயர்பள்ளி மாணவரிடையே பரம்பரை நோய்களுக்கான காவிப் பரிசோதனையைத் தொடங்கினார்கள்; பின்னர் தலசீமியாவும் அதில் சேர்ந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகள் அப்போதே தெரிந்துகொண்டார்கள். நாங்கள் ஏன் மறைக்கவேண்டும்? காப்புறுதிக்குப் பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கனடாவில் 2017இல் சட்டம் வந்தது, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

காவியாக இருப்பது கலியாணத்துக்குத் தடை அல்ல. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் உங்கள் சிவப்பணுக்கள் சிறிதாகவே இருந்தால், குடும்ப வைத்தியரிடம் தலசீமியா பற்றிக் கேளுங்கள். இந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அம்மாவுடன் இருந்து மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தைக் கீறிப் பாருங்கள். சிறுவயதில் இறந்துபோன பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள்.

உங்கள் அக்கா