கடல் கடந்த மடல்: கர்ணனுக்கு யாரிடம் அனுமதி?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகளின் பள்ளியில் ஒரு கூட்டம். வருகிற மார்ச்சில் பிள்ளைகள் போடும் இசை நாடகம் எது என்று முடிவு செய்ய வேண்டும். நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் இது பெரிய காரியம். நம்மூர்ப் பள்ளியில் ஆண்டுவிழா எப்படியோ, இங்கே உயர்நிலைப் பள்ளிக்கு இசை நாடகம் அப்படி. இந்தத் தடவை இன்னொரு சேதியும் சேர்ந்துகொண்டது. நகராட்சியின் கேபிள் சேனலில் நாடகத்தை நேரலையாகக் காட்டப் போகிறார்கள். 1984ஆம் வருஷத்துக் கேபிள் சட்டப்படி, கம்பி இழுக்கும் நிறுவனத்திடம் ஊருக்கென்று ஒரு சேனலைக் கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கிய சேனல் எங்களுக்கும் உண்டு. அதையே இணையத்திலும் விடுவார்கள். எங்கள் சொந்த ஊரான மாகறலில் உட்கார்ந்துகொண்டு அப்பா பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் வேலை முடிந்த கையோடு ஓடினேன்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. பிள்ளைகள் ஓட்டுப் போட்டு ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆசிரியை எழுந்து, அதற்கு ஒளிபரப்பு உரிமை கிடைக்காது என்றார். இரண்டாவதாக வந்ததை மேடையில் ஆடலாம், கேமரா வைக்கக் கூடாது என்றார். மூன்றாவதற்கு எழுதிக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமாம். கடைசி வரைக்கும் ஒருவர்கூட அந்த நாடகங்களில் என்ன கதை, இந்த வருஷம் இந்த ஊருக்கு எந்தக் கதை வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த மனக்குறையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

இங்கத்து விதியைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இசை நாடகம் போட நினைக்கும் பள்ளிக்கூடம் முதலில் உரிமம் தரும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். எத்தனை நாள் ஆட்டம், அரங்கில் எத்தனை நாற்காலி, டிக்கெட் என்ன விலை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் பணம். வசனப் புத்தகமும் இசைக் குறிப்பும் பெரும்பாலும் வாடகைக்குத்தான் வரும். அதில் பென்சிலால் மட்டுமே குறித்துக்கொள்ளலாம், திருப்பி அனுப்பும்போது அத்தனையையும் அழித்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றக் கூடாது. ஒரு பாட்டை விடக் கூடாது. ஆண் பாத்திரத்தைப் பெண் பாத்திரமாக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். சுவரொட்டியில் எழுதியவர் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட ஒப்பந்தத்தில் இருக்கும். திரை விலகுமுன், பெற்றோர் யாரும் செல்போனில் படம் பிடிக்கக் கூடாது என்று அறிவிப்பார்கள். சொந்தப் பிள்ளை ஆடுவதைத்தான்!

நேரலைக்கு உரிமையே வேறு. மேடைக்கு ஒரு பட்டா, கேமராவுக்கு வேறு பட்டா. சினிமாக்காரரோ தொலைக்காட்சிக்காரரோ முன்னமே வாங்கிவிட்ட கதை என்றால் அந்த இரண்டாவது பட்டா நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் திருமாகறலீஸ்வரர் கோயில் பலாமரம் நினைவுக்கு வந்தது. தினம் ஒரு பழம் தந்த மரமாம். அந்தப் பழம் தில்லை நடராஜருக்குப் போக வேண்டும் என்று ராஜேந்திர சோழன் கட்டளையிட்டானாம். செய்யாற்றங்கரையிலிருந்து தில்லை வரைக்கும் ஊரார் முறை வைத்துத் தலையில் சுமந்தார்கள். சுமை தாளாமல் ஒரு சிறுவன் மரத்தையே கொளுத்திவிட்டான். ராஜா கண்ணில் பொன் உடும்பு பட்டது, அது புற்றில் நுழைந்தது, சுவாமி வெளிப்பட்டது எல்லாம் பின்கதை. சின்ன வயதில் நான் உடும்புக்காகத்தான் அந்தக் கதையைக் கேட்பேன். இப்போது அந்தச் சிறுவன்தான் மனசில் நிற்கிறான். இனித்த பழத்தின் மேல் ஒரு விதி ஏறி உட்கார்ந்ததும் ஊருக்கே அது பாரமாகிவிட்டது.

பெரிய தொலைக்காட்சிகளுக்கு இந்தப் பாரம் தெரியாது, பணம் இருக்கிறது. 1957 மார்ச் 31 அன்று சிபிஎஸ், தொலைக்காட்சிக்கென்றே ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் எழுதிய ‘சிண்ட்ரெல்லா’வை நேரலையாகக் காட்டியது. நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ். பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்ததாகக் கணக்கு. வெகு காலத்துக்குப் பிறகு 2013 டிசம்பரில் என்பிசி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கை நேரலையாகப் போட்டது. சுமார் 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்தடுத்த டிசம்பர்களில் ‘பீட்டர் பேன்’, ‘தி விஸ்’, ‘ஹேர்ஸ்ப்ரே’ வந்தன. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் மாதம், ஏற்கெனவே வாயில் நிற்கும் பாட்டு, பெயரை உச்சரித்தாலே கூட்டம் சேரும் நடிகர் என்று பார்த்துத்தான் எடுத்தார்கள்.

நேரலைக்கு வேறொரு சோதனையும் உண்டு. 2019 ஜனவரியில் ஃபாக்ஸ் சேனல் ‘ரென்ட்’ நாடகத்தை எடுத்துக்கொண்டது. முந்தின நாள் ஒத்திகையில் ஒரு முக்கிய நடிகரின் கால் முறிந்தது. மாற்றாக ஆட ஆள் இல்லை. ஒத்திகையில் பிடித்து வைத்திருந்ததைத்தான் பெரும்பகுதி காட்டினார்கள், கடைசிப் பகுதி மட்டும் நேரலை.

நம் பக்கத்துக் கூத்து ஜமாவில் இப்படி ஆகுமா? துரியோதனன் கட்டியவருக்குக் காய்ச்சல் என்றால் துச்சாதனன் எழுந்து அந்தக் கிரீடத்தைக் கட்டுவார். துச்சாதனனைப் பின்பாட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஒரு கதை என்றால் எல்லா வேஷத்தின் பாட்டும் வாத்தியாருக்கு மனப்பாடம். ராத்திரி பத்து மணிக்கு மேளக்கட்டு ஆரம்பித்தால் விடியும்வரை நிற்காது. அதுவல்லவா நேரலை!

கதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாம் இவர்களைவிட எவ்வளவோ மேலே இருக்கிறோம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரைக்கும், அந்தண்டை செய்யாறு, புரிசை வரைக்கும், கூத்து விடலாம் என்று பேச்சு எடுத்ததும் முதல் கேள்வி “எதுக்காக விடறோம்?” என்பதுதான். மழை பொய்த்திருந்தால் விராட பர்வம். பிள்ளை வரம் வேண்டுவோருக்கு அர்ச்சுனன் தபசு, தபசு மரத்தின் மேலிருந்து அர்ச்சுனன் வீசும் பழத்துக்குப் பெண்கள் மடி ஏந்தி நிற்பார்கள். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். ஒரு வீட்டில் சாவு என்றால், கருமாதி அன்று கர்ண மோட்சம். வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. கர்ணனை ஆட யாரிடம் அனுமதி கேட்பது? சபைக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஆட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு கர்ண மோட்சம் வந்தது. அம்மா போனபோது தகனத்துக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் போனேன். வீட்டுக்கு எதிரே தெருவை அடைத்துப் பந்தல். எந்தக் கதை என்று யாரும் விவாதிக்கவில்லை, அப்பா சொல்லவும் இல்லை. ஊருக்கே தெரியும். நள்ளிரவு தாண்டியதும் கர்ணன் மனைவி பொன்னுருவி வந்தாள். கர்ணன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்தவள், அவன் போருக்குப் போகும்போது மனம் மாறித் தவித்தாள். பதினாறு நாளாக எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. பாயில் பக்கத்திலிருந்த சின்னம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டியங்காரன் நடுவே அம்மாவின் பெயரைச் சொல்லி, அந்தக் கை போட்ட சோற்றைச் சாப்பிட்டவன் நான் என்றான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வசனம் அது. இங்கத்து விதிப்படி அதைச் சொல்லியிருக்க முடியாது. அந்த ஒரு வசனத்துக்காக நான் அந்த ஜமாவுக்கு ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஒரு அமெரிக்கப் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, “எழுதியவருக்குக் கூலி வேண்டாமா?” என்று கேட்டார். கூலி கட்டாயம் வேண்டும். நாங்கள் அதை ஆடியவர் கையில் கொடுக்கிறோம். விடிந்ததும், அரிதாரம் கலையாத முகத்தோடு நிற்பவர் கையில், தாம்பூலத்தோடு. பாடியவர், ஆடியவர், மத்தளம் தட்டியவர் அத்தனை பேரும் அதை அந்த வாசலிலேயே பங்கிட்டுக்கொள்வார்கள். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் அலுவலகத்துக்குப் போவதைவிட எனக்கு இதுதான் நியாயமாகத் தெரிகிறது.

சரி, கூட்டம் எப்படி முடிந்தது? அமெரிக்காவில் பழைய படைப்புகள் வெளியாகி 95 வருஷம் முடிந்தால் பொதுச் சொத்து. ஆசிரியை அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்: கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த ‘தி பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’. யாரையும் கேட்க வேண்டாம், கேமராவும் வைக்கலாம். எல்லோரும் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அதன் வரலாற்றைப் படித்தேன். கில்பர்ட்டும் சல்லிவனும் 1878இல் லண்டனில் போட்ட ‘எச்எம்எஸ் பினஃபோர்’ நாடகத்தை அமெரிக்காவில் எத்தனையோ குழுக்கள் சல்லிக்காசு தராமல் ஆடித் தீர்த்தன. வெளிநாட்டு எழுத்தாளனுக்கு இந்த நாட்டுச் சட்டம் 1891 வரைக்கும் பாதுகாப்புத் தரவில்லை. அதனால் அடுத்த நாடகத்தை அவர்களே கப்பலேறி வந்து, 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே அரங்கேற்றினார்கள். அதுதான் இந்தக் கடற்கொள்ளையர் நாடகம். பென்சில் கோட்டை அழித்துக் கொடு என்று இன்று கேட்கிற நாடு, அன்று நடந்துகொண்ட விதம் இது.

மறுநாள் காலை அப்பாவுக்குப் போன் போட்டோம். மாகறலில் ராத்திரி சாப்பாட்டு வேளை.

“இன்னா நாடகம் உடறாங்கம்மா உங்க இஸ்கூல்ல?” என்றார் பேத்தியிடம்.

அவள் தனக்குத் தெரிந்த தமிழில் கதை சொன்னாள். ஒரு பையன். தாதி காதில் தப்பாக விழுந்ததால் சின்ன வயதிலேயே கொள்ளைக்காரர்களிடம் சேர்க்கப்படுகிறான். இருபத்தோராவது பிறந்தநாள் வரை அவர்களோடு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். வயது வந்ததும் நல்லவர்கள் பக்கம் போய், கொள்ளைக்காரர்களை எதிர்க்கக் கிளம்புகிறான். அப்போது தெரிகிறது, அவன் பிறந்தது பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள். வாக்குக் கொடுத்தாயிற்று, மீறக் கூடாது என்று மனசில்லாமல் அவர்கள் பக்கமே திரும்பிப் போகிறான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அட, நம்ம கர்ணனாச்சே! சேரக் கூடாத எடத்துல சேந்துட்டான். தெரிஞ்சும் வுட்டுட்டு வர முடியல. செஞ்சோத்துக் கடன்.”

ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்விக்கு, மாகறல் திண்ணையிலிருந்து ஒரே மூச்சில் பதில் வந்துவிட்டது. மகள் அன்று ராத்திரி எனக்கு முன்னால் உட்கார்ந்து, “கர்ணன் கதையை முழுசாச் சொல்லும்மா” என்றாள். சொல்லி முடிக்க மணி பன்னிரண்டாகிவிட்டது.

மார்ச்சில் இங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் அங்கே விடிகாலை நாலரை. “அந்நேரத்துக்கு எழுந்திருப்பியாப்பா?” என்று கேட்டேன்.

“கூத்துன்னா தூங்கறதா?” என்றார் அப்பா.