புராஜெக்ட்டுக்கு முன் ஒரு கணக்கு

தூத்துக்குடி

அன்புள்ள மீனாவுக்கு,

எம்.டெக். புராஜெக்ட்டுக்குக் கரியமில வாயுப் பிடிப்பை எடுத்திருப்பதாக நீ போனில் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆலைப் புகையை எல்லாம் விற்கிற பொருளாக மாற்றிவிடலாம் என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

உதாரணம் தேடி வெளிநாடு போகாதே. நம்மூர் ஆல்கலி ஆலையையே பார். நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அதைக் கொண்டே சோடா ஆஷ் செய்கிற ஏற்பாடு அங்கே 2016-இல் ஓடத் தொடங்கியது. வாயுவைப் பிடிக்கும் கரைசல், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்தா சர்மா, பிரதீக் பும்ப் என்ற இரண்டு பையன்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்துடையது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம், டன்னுக்குச் சுமார் 30 டாலர்தான் ஆகும், அரசு மானியம் வேண்டாம் என்றார்கள்.

மானியம் இல்லாமல் எப்படிக் கட்டுப்படியாகும்? ஆலைக்கு அந்த வாயு தேவை, அவ்வளவுதான். உப்புக் கரைசலில் அமோனியாவை ஏற்றிக் கரியமில வாயுவைச் செலுத்தினால் சமையல் சோடா படியும். அதை வறுத்தால் சோடா ஆஷ். உப்புக்கு நம்மூரில் பஞ்சமா? வாயுவுக்குத்தான் அலைய வேண்டும். வழக்கமான சோடா ஆலை சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் நம்மூர் ஆலை போல, கூடவே உண்டாகும் அமோனியம் குளோரைடையும் உரமாக எடுத்து விற்கிற முறையில் சுண்ணாம்புக்கு வேலை இல்லை, சூளையும் இல்லை. வாயு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆலையை நடத்தியவரும் நிருபர்களிடம் பூசி மெழுகவில்லை. பூமியைக் காப்பாற்ற நான் இறங்கவில்லை, தடையில்லாமல் வாயு வேண்டும், அதற்கு இதுதான் நல்ல வழி என்ற பொருளில் பேசினார். மேடைப் பேச்சுகளைவிட எனக்கு அது எவ்வளவோ மேல்.

இப்போது உன் கணக்குக்கு வா. நிலக்கரியில் ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் வாயு வெளியேறுகிறது. நம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகு ஒன்று முழு மூச்சில் ஓடினால் நாளுக்கு 5,000 டன். அந்த 60,000 டன் அதற்குப் பன்னிரண்டு நாள் புகை. மிச்ச நாள் புகையை வாங்க எத்தனை சோடா ஆலை கட்டுவாய்? உலகம் முழுவதும் தொழில்களுக்கு வேண்டியிருக்கிற கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன்தான். நாம் எரித்து வெளியேற்றுவதோ 3,500 கோடி டன்னுக்கும் மேல்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்த சோடா ஆஷ் எங்கே போகிறது? கணிசமான பங்கு கண்ணாடி ஆலைக்கு. மணலோடு சேர்த்து உருக்கும்போது, பிடித்து வைத்த வாயு அந்த உலைப் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். யூரியாவும் அப்படித்தான். வயலில் போட்ட சில நாளிலேயே சிதைந்து வாயுவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அடகு வைத்த நகை மாதிரி, கை மாறியிருக்கிறதே தவிரக் கடன் தீரவில்லை. ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்துக்காரர்கள் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-இல் அளந்து சொன்னார்கள். அது பூட்டி வைப்பது. ஆனால் விற்க அங்கே ஒரு பொருளும் இல்லை, யாராவது காசு கொடுத்தாக வேண்டும்.

அதற்காக ஆல்கலி ஆலை செய்தது வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த வாயுவுக்காக வேறெங்கோ சுடாமல் விட்ட சுண்ணாம்பு, எரிக்காமல் விட்ட எரிபொருள், அதுதான் அதன் நிஜ லாபம். பிடித்த டன்னை முழுதாக லாபக் கணக்கில் எழுதாதே, தவிர்த்ததை எழுது. பிடித்த வாயுவைக் கரைசலிலிருந்து பிரிக்க 120 டிகிரி வரை சூடேற்ற வேண்டும், அந்த நீராவிக்கு எரிக்கிற கரியையும் கழித்துக்கொள். பழைய மோனோஎத்தனாலமின் கரைசலில் டன்னுக்கு 3 முதல் 4 ஜிகாஜூல் வெப்பம் பிடிக்கும்.

உன் கரைசலுக்கு நீராவி எவ்வளவு ஆகிறது என்று முதலில் எழுதி அனுப்பு. கிலோகலோரியில் போட்டால் எனக்கு வசதி.

அன்புடன்,
மாமா