நந்தினிக்கு வயது என்ன?

‘பொன்னியின் செல்வன்’ படித்த இருவர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் நந்தினியிடம் வந்து நிற்கும். அவள் யாருடைய மகள் என்பது முதல் வினா. அவளுக்கு வயது என்ன என்பது இரண்டாம் வினா. முதல் வினாவைக் கல்கி அறிந்தே ஐயத்திற்கு இடமாக விட்டுச் சென்றார். இரண்டாம் வினாவை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார் போலும். மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில், மாலை நேரத்து லயத்து வாசல்களிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் இவ்வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் மணிரத்தினம் அக்கதையை இரு திரைப்படங்களாக எடுத்தபின் பேரப்பிள்ளைகளும் வழக்கில் சேர்ந்துகொண்டனர்.

வழக்கின் சிக்கல் இதுதான். கதையில் நந்தினியும் மதுராந்தகனாக வளர்க்கப்பட்டவனும் ஊமை ராணி மந்தாகினி ஈன்ற இரட்டைப் பிள்ளைகள். ஆகவே அவன் வயதே அவள் வயது. செம்பியன் மாதேவியின் மகன் என்று உலகம் நம்பிய அந்த மதுராந்தகன், கண்டராதித்தர் மறைந்தபோது சிறு குழந்தை. அதனால்தான் பட்டம் அரிஞ்சயருக்கும், அவருக்குப்பின் சுந்தர சோழருக்கும் சென்றது. கண்டராதித்தர் மறைவை வரலாற்றாசிரியர்கள் 957ஐ ஒட்டி வைப்பர். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது 969ஐ ஒட்டி. இடைப்பட்டவை பன்னிரண்டு ஆண்டுகளே. 957இல் அக்குழந்தைக்கு ஐந்து வயது என்று தாராளமாகக் கொடுத்தாலும், கதை நிகழும்போது பதினேழுக்கு மேல் ஏறாது. கல்கியின் மதுராந்தகனோ மணமானவன். அரியணைக்கு ஆசைப்பட்டுச் சிற்றரசர்களோடு நள்ளிரவில் கூடிச் சதி பேசுபவன். நந்தினியோ, கதை தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வீரபாண்டியன் உயிருக்காகக் கரிகாலனிடம் மன்றாடி நின்றவள். பதின்மூன்று வயதுச் சிறுமியா அப்படி நின்றாள்?

இவ்வளவையும் தாளில் கூட்டிக் கழித்து எழுதிக் காட்டும் மாணவனை, ‘கதைக்குக் காலில்லை’ என்ற ஒரே பழமொழியால் வாயடைக்கச் செய்யும் ஆசிரியர்கள் உண்டு. அது விடையாகாது. கணக்கில் ஓட்டை கண்டவன் நூலை ஊன்றிப் படித்தவன். அவனைத் தண்டிப்பது நியாயமன்று.

‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் அக்கதை தொடர்ந்து வெளிவந்தது. கதைக்குள் நடப்பதோ ஆடிப்பெருக்கில் தொடங்கிச் சில மாதங்கள்தாம். முதல் இதழ் வந்தபோது பள்ளி மாணவியாக இருந்தவள், கடைசி இதழ் வரும்போது தாயாகியிருக்கக் கூடும். வந்தியத்தேவனுக்கு அதற்குள் ஒரு வயதுகூட ஏறவில்லை. வாரந்தோறும் எழுதியவருக்கு அரியணை உரிமைச் சிக்கலுக்காக ஒரு கைக்குழந்தை வேண்டியிருந்தது. சதிக்காக ஒரு வாலிபன் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே ஆள்மேல் ஏற்றினார். பிழை என்றால் பிழைதான். ஆயினும் அந்த வாலிபன் இல்லையேல் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம் இல்லை. அக்கூட்டம் இல்லையேல் கதையே இல்லை. கதை முடிந்ததும் வாசகர்கள் விடுத்த வினாக்களுக்கு முடிவுரையில் தனியே விடை எழுத வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார்.

பிற்காலத்தார் அவர் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தனர். கதையில் இருபதை ஒட்டிய இளைஞனான அருள்மொழிவர்மன், 985இல் இராசராசனாக முடிசூடும்போது முப்பத்தாறு வயதினன் ஆகிறான். 1014இல் ஆட்சி முடிகையில் அறுபத்தைந்து. இது பொருந்துகிறது. அகிலனின் ‘வேங்கையின் மைந்த’னில் அதே வந்தியத்தேவன் முதுபெரும் வீரராக வருகிறார். இராசேந்திரன் படை கடாரத்தின்மேல் சென்ற 1025ஆம் ஆண்டில், கல்கியின் கணக்குப்படி அவருக்கு எண்பது நெருங்கியிருக்கும். இதுவும் இழுத்துப் பிடித்தால் பொருந்தும். நந்தினி ஒருத்திதான் எந்தக் கணக்கிலும் அடங்காமல் நிற்கிறாள். அவள் வரலாற்றில் இல்லாதவள். கல்கியின் கற்பனையில் மட்டுமே பிறந்தவள். அவளைப் பிடித்து நிறுத்த ஒரு கல்வெட்டும் இல்லை.

கல்வெட்டு என்றால் ஐயமற்றது என்று மாணவர் எண்ணிவிடலாகாது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் அவர்தம் உறவினர் நிலங்களையும் பற்றிப் பேசுகிறது. வந்தியத்தேவன் குதிரையேறி வரும் வீரநாராயண ஏரியும் அவ்வூரை ஒட்டியே கிடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்கல்வெட்டில் கிறித்து ஆண்டும் இல்லை, சக ஆண்டும் இல்லை. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு என்பதே உள்ளது. அரசன் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணும் முறை அது. தந்தை உயிரோடிருக்க மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினால், இருவர் ஆட்சியாண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சுந்தர சோழர் ஆட்சி 973 வரை நீண்டதாகவும், உத்தம சோழர் ஆட்சி 970ஐ ஒட்டித் தொடங்கியதாகவும் அறிஞர் எழுதுவது இப்படித்தான். கண்ணகி வழக்கும் இவ்வகையதே. சிலம்பில் வரும் ஆடித் திங்கள் குறிப்பைப் பிடித்து எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை வானியல் கணக்குப் போட்டு 756ஆம் ஆண்டைக் கண்டார். கயவாகு மன்னனைப் பிடித்தவர்கள் இரண்டாம் நூற்றாண்டைக் கண்டனர். இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்!

ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், 1987ஆம் ஆண்டில் இந்த ஆட்சியாண்டுக் கணக்கை ஆறாம் வகுப்பு மாணவருக்கு விளக்க ஒரு வழி கண்டார். தோட்டத்துப் பெரியவர்கள் வயது சொல்லும் முறை அவருக்குத் தெரியும். ‘சப்பான்காரன் வந்தபோது நடக்கப் பழகியிருந்தேன்’ என்பார் ஒருவர். ‘துங்கு பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளைச் சொன்ன வருடம் மூத்தவன் பிறந்தான்’ என்பார் மற்றொருவர். முன்னது 1941 டிசம்பரைத் தொட்டுச் செல்லும், பின்னது 1956. பட்டமேறிய நாளுக்குப் பதில் பட்ட துன்பமும் கண்ட திருநாளும். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் வயதை இம்முறையில் கணக்கிட்டு, அடையாள அட்டையோடு ஒப்பிட்டு வருமாறு ஆசிரியர் சொன்னார்.

மறுநாள் ஒரு சிறுமி இரண்டு விடைகளோடு வந்தாள். அட்டையில் அவள் பாட்டி பிறந்த ஆண்டு 1932. பாட்டி சொன்ன கதையோ வேறு. 1943இல் தம் தந்தையைச் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன காலையில், அவர் பாட்டியைத் தோளில் தூக்கிவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார். தொட்டிலில் கிடந்த தம்பிக்குப் பால் கொடுத்ததுகூட நினைவிருக்கிறது. தந்தை திரும்பவில்லை. பதினொரு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கி ஆயாக் கொட்டகைக்கா கொண்டுபோவார்கள்? ஐந்து வயது இருக்கலாம்; அப்படியானால் பிறந்தது 1938. பின்னாளில் பதிவுக்குப் போனபோது, பால்வெட்டுக்குப் பெயர் சேர்க்க வயது போதவேண்டும் என்று கிராணி ஆறு ஆண்டுகளைக் கூட்டி எழுதினார் என்பது வீட்டார் சொல்லும் காரணம்.

வகுப்பு ஆரவாரித்தது. நந்தினிக்குப் பேசிய அதே வேகத்தோடு பாட்டிக்கு வழக்காடினர். அட்டையே சரி என்றான் ஒருவன். தோளை மறக்க முடியுமா என்றாள் ஒருத்தி. சிறுமி மட்டும் உட்காரவில்லை. அட்டைக் கணக்கில் பாட்டிக்கு அவ்வாண்டு ஐம்பத்தைந்து நிறைந்துவிட்டது. வேலையை விட்டு நிற்கவேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பாட்டியின் கணக்கில் இன்னும் ஆறு ஆண்டுகள் பால் வெட்டலாம்.

“எது சார் சரி?” என்று கேட்டாள்.

ஆசிரியர் கரும்பலகையில் 1932 என்றும் 1938 என்றும் அருகருகே எழுதினார். பிறகு சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, தோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதவேண்டும், பாட்டியை மாலையில் அழைத்துவா என்றார்.