ஒன்றிரண்டு இடங்களில் மழை

"பிற்பகலில் ஒன்றிரண்டு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்."

வானொலியில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வானிலைத் துறையின் மலாய் அறிக்கையில் 'சத்து டுவா தெம்பாட்' என்று இருக்கும். அதைத் தமிழில் சொல்லி, அடுத்த பாட்டுக்கு முன் பத்து வினாடியில் முடித்துவிட வேண்டும். நான் பேசும் அறைக்குச் சன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதே எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சி முடிந்ததும் சிம்பாங் பூலாயிலிருந்து அம்மா போன் செய்வார். "ஏண்டி, அந்த ஒன்னு ரெண்டு இடத்துல நம்ம இடமும் இருக்கா?"

அம்மா கேலியாகக் கேட்கவில்லை. வியாழக்கிழமை தோறும் அம்மாவும் தம்பியும் பாசார் மாலாமில் வடைக்கடை போடுகிறார்கள். மதியத்துக்குள் கடலைப்பருப்பை ஊற வைத்தாக வேண்டும். ஊறிய பருப்பை மறுபடி மூட்டையில் கொட்ட முடியாது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வருமானம் போனதுதான்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு வியாழன். பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடார் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். ஈப்போ சுற்றுவட்டாரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "தைரியமா ஊற வைங்கம்மா" என்றேன். ஆறு கிலோ ஊறியது. நாலரை மணிக்கு வானம் இடிந்து விழுந்தது. கூடாரத்தைத் தம்பி ஒரு காலில் பிடித்துக்கொண்டு நின்றானாம். பாதி மாவை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம், மீதி புளித்துப் போனது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

என் தவறு பிறகுதான் புரிந்தது. ரேடார் ஏற்கெனவே பெய்கிற மழையைத்தான் காட்டும். இனிமேல் உருவாகப் போகிற மேகம் அதில் இருக்காது. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். பெருங்காற்று ஓய்ந்திருக்கும். காலை வெயிலில் கிந்தா பள்ளத்தாக்கு சூடேறும். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று வரும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதை மேலே ஏற்றிவிடும். மேகம் அங்கேயே பிறந்து, ஒரு மணி நேரம் கொட்டி, அங்கேயே கரைந்துவிடும். ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஈப்போ விமான நிலையத்தில் தரை காய்ந்திருக்க, சிம்பாங் பூலாயில் சாக்கடை நிரம்பி வழிவது இதனால்தான். 'ஒன்றிரண்டு இடங்கள்' என்பது மழுப்பல் இல்லை. அதற்கு மேல் சொல்ல முடியாத நேர்மை.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால், கேமரன் மலைக்கு ஏறும் சாலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"பதினோரு மணிக்கு அங்க பாரு. பஞ்சு பரந்து கிடந்தா பயமில்ல. நிமிந்து நின்னா பருப்பைத் தொடாத."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு படித்துப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. 1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வணிகர் மேகங்களுக்குப் பெயர் வைத்தார். பஞ்சுப்பொதி மேகத்துக்கு அவர் வைத்த பெயர் கியூமுலஸ். அகலம் அதிகமாக, உயரம் குறைவாக இருந்தால் அது சாதுவான கியூமுலஸ். உயரம் அகலத்தைத் தாண்டி, காலிஃபிளவர் போலக் கொழுந்து விட்டால் மழைக்குத் தயாராகிறது என்று அர்த்தம். இன்னும் வளர்ந்து தலை தட்டையாக விரிந்தால் கியூமுலோநிம்பஸ். இடி, மின்னல், எல்லாம் அதற்குள் இருக்கும். அம்மா அதைத் 'தோசைக்கல்' என்கிறார். தோசைக்கல் தெரிந்துவிட்டால் பருப்பு மட்டுமில்லை, கொடியில் காயும் துணியும் போச்சு.

அம்மா இதை வடைக்காகக் கற்கவில்லை. தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் சீவியவர். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் பரவி வழியும். சீவிய பிறகு மழை வந்தால் மங்கில் பாலோடு தண்ணீர் சேர்ந்து எல்லாம் வீண். நாள் சம்பளக்காரருக்கு அது அடுப்பு எரியுமா என்ற கேள்வி. விடியலுக்கு முன் இருட்டில் மேகம் தெரியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே மேலே பார்த்து வைப்பாராம். பெரட்டுக்கு எழுந்து வந்த பிறகு நட்சத்திரம் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்ப்பாராம். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா கணக்கும் தப்பும். முழு வானமும் சாம்பல் போர்வையாக மூடிக்கிடக்கும் நாளில் மழை வராது, ஆனால் கூட்டமும் வராது. அதற்கு எந்த மேகப் பாடமும் உதவாது என்று தம்பி புலம்புவான்.

இப்போது வியாழக்கிழமைகளில் அம்மா முந்திக்கொள்கிறார். நான் அறிக்கை வாசிக்கப் போவதற்கு முன்பே செய்தி வந்துவிடும். போன வாரம்: "நாலு கிலோ." நான் உள்ளே போய் வழக்கம்போல 'ஒன்றிரண்டு இடங்களில்' என்று வாசித்தேன். அன்று கோப்பெங் பக்கம் நல்ல மழையாம். சிம்பாங் பூலாயில் தூறல்கூட இல்லை. எட்டரை மணிக்கே வடை தீர்ந்துவிட்டது. ஆறு கிலோ போட்டிருக்கலாம் என்று அம்மாவுக்கு ஒரே வருத்தம்.