பேஸ் கிதாருக்குப் பொட்டி வாங்கிய கதை

எங்கள் குழுவில் நான் பேஸ் கிதார் வாசிப்பவன். அதாவது கச்சேரி முடிந்ததும், "தம்பி, நீங்க என்ன வாசிச்சீங்க?" என்று கேட்கப்படுபவன் :)

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில், நண்பன் வீட்டு மொட்டை மாடியில்தான் ஒத்திகை. பாங்கு சொல்லும் நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். நாலு பேர். பெரும்பாலும் இளையராஜா பாட்டுகள். ராஜா பாட்டில் பேஸ் பின்னால் முனகிக்கொண்டு கிடக்காது, தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். அவருக்கு சசிதரன் வாசித்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஆறு கம்பியிலிருந்து நாலு கம்பிக்கு வந்தேன்.

போன பொங்கலுக்கு செல்லூர் பக்கம் ஒரு தெரு விழா. என்னிடம் ஆம்ப் கிடையாது. நண்பனின் சாதாரண கிதார் ஆம்பை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது பாட்டில் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரின் கோன் கிழிந்துவிட்டது.

ஏன் கிழிந்தது என்று பிறகுதான் படித்தேன். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, 41. அதிர்வு பாதியானால், அதே அளவு சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். கிதார் ஸ்பீக்கர் அவ்வளவு ஓடுவதற்குச் செய்ததில்லை. மிச்சப் பாட்டுகளை பேஸ் இல்லாமலே ஓட்டினோம். முன்வரிசைத் தாத்தா ஒருவர் கடைசியில், "பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சு, என்னமோ ஒண்ணு கொறையுதுப்பா" என்றார். என் வாத்தியத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ரீகோன் செலவு குழுவின் பொதுப் பணத்திலிருந்து போனது. டிரம்ஸ்காரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதனால் சொந்தமாக வாங்குவது என்று முடிவானபோது, மிச்சமிருந்த பணத்தைத் தப்பாகச் செலவழித்தால் குழுவே உடையும் என்று தெரிந்துவிட்டது.

கையில் இரண்டு வழிகள். ஒன்று, கடையில் புத்தம்புதிதாக 500 வாட் காம்போ, உள்ளே ஒரே ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர். இன்னொன்று, ஒருவர் விற்க வைத்திருந்த பழைய 300 வாட் ஹெட், கூடவே இரண்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட கேபினெட். டிரம்ஸ்காரனுக்கு 500தான் வேண்டும். எனக்கும் மனசு அங்கேதான் போனது.

எங்களுக்கு வழக்கமாக மைக்செட் போடும் அண்ணன்தான் குறுக்கே விழுந்தார். "வாட்டைப் பாக்காதீக தம்பி, பொட்டிக்குப் பின்னால டிபி என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் அந்த எண். காம்போவுக்கு 93, பழைய பொட்டிக்கு 98. வெறும் 5 டெசிபெல்தானே என்று தோன்றும். ஆனால் வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினாலே 3 டெசிபெல்தான் கூடும். 5 கூட வேண்டுமென்றால் மூன்று மடங்கு வாட் வேண்டும்.

இதிலும் ஒரு உள்குத்து உண்டு. ஹெட்டின் 300 வாட் என்பது 4 ஓம்முக்கு. அந்தக் கேபினெட் 8 ஓம், ஆகவே கிடைப்பது சுமார் 175. கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தம்! ஆனால் காம்போ ஏற்கெனவே 4 ஓம், முழு வீச்சில் ஓடுகிறது, மேலே எதுவும் சேர்க்க முடியாது. ஹெட்டோடு பின்னால் இதே மாதிரி இன்னொரு 8 ஓம் பொட்டியைச் சேர்த்தால் 4 ஓம் ஆகி, முழு 300 வாட்டும் வரும், ஸ்பீக்கரும் இரட்டிப்பாகும். மூன்றாவதைச் சேர்த்தால் ஓம் ரொம்பக் குறைந்து ஹெட் சூடாகிப் படுத்துவிடும், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் அண்ணன் சொன்னார். ஜனங்களுக்குக் கேட்க வேண்டிய பேஸ், ஹெட்டின் டிஐ வழியாக அவர் மிக்சருக்குப் போய் அவருடைய பெரிய பாக்ஸில் வந்துவிடும். மேடைப் பொட்டி எங்கள் காதுக்குத்தான். 1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்காவைச் சுற்றியபோது, ஆம்பெக் கம்பெனி 300 வாட் ஹெட்டும் எட்டு ஸ்பீக்கர் போட்ட ராட்சதப் பெட்டிகளும் கொடுத்தது. அரங்கத்தையே மேடையிலிருந்து நிரப்ப வேண்டிய காலம். அந்த மாதிரிப் பொட்டி ஒன்றே 60 கிலோவுக்கு மேல். எங்கள் சந்து மாடிப்படியில் அதை ஏற்றினால் பொட்டியோடு நானும் உருண்டு வருவேன்.

பழையதையே வாங்கினோம். ஹெட்டிலிருந்து பொட்டிக்கு ஸ்பீக்கர் ஒயர்தான் போட வேண்டும், கிதார் ஒயரைப் போட்டால் சூடாகும் என்று விற்றவர் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார்.

முதல் கச்சேரியில் பொட்டியைத் தரையில் வைத்தேன். பலகை மேடை, கீழே வெற்றிடம், எல்லாம் 'கும்'மென்று குழம்பியது. இரண்டு பிளாஸ்டிக் சேரை ஒட்டிப் போட்டு மேலே தூக்கி வைத்தோம். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. இரண்டாவது பாட்டு நடுவில் டிரம்ஸ்காரன் குச்சியை நீட்டி, "டேய், கொஞ்சம் கொறைடா" என்று கத்தினான்.

கால் திருகு குறைத்தேன். அதற்கு மேல் மனசு வரவில்லை.