அடைத்து வைத்தவர் கடமை

திண்டுக்கல்லில் வீடுகள் நெருங்கிவிட்டன. பேகம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளின் கொல்லை, பத்தடிச் சிமெண்டுத் தரையாகச் சுருங்கிப்போயிற்று. ஆயினும் அந்தப் பத்தடியிலும் நான்கு நாட்டுக்கோழி வளர்க்கும் தாய்மார்கள் இருக்கவே செய்கின்றனர். முட்டை விற்ற காசு, எவரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத அவர்களது சொந்தக் காசு. என் தாயார் எனக்கு முதல் பேனா வாங்கித் தந்தது அக்காசில்தான்.

அந்நாளில் காலையில் திறந்துவிட்ட கோழி அந்தியில்தான் அடையும். புல், கீரை, புழு, பூச்சி யாவற்றையும் தானே தேடிக்கொண்டது. நாங்கள் போட்டது ஒரு பிடி கம்பும் குருணையுமே. சாக்கடை கிளறிய கோழியாயின், மூன்று நாள் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே அறுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்றோ தெருவில் வாகனமும் நாயும் மிகுந்துவிட்டன. கோழி ஆயுள் முழுவதும் வலைக்குள் இருக்கிறது. தவிடும் குருணையும் வேளை தவறாமல் விழுகின்றன, பச்சைதான் விழுவதில்லை.

இக்குறையை முட்டையே காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் கருவுக்கு நிறமூட்டும் பொருளைக் கோழியின் உடல் தானாக உண்டாக்குவதில்லை. இலையிலிருந்தோ மஞ்சள் மக்காச்சோளத்திலிருந்தோ பெறுகிறது. வைட்டமின் ஏ தரும் கரோட்டினும் பச்சிலையில் நிறைந்துள்ளது.

தானும் தீனி போடாமல், வெளியே சென்று இரை தேடவும் விடாமல் பூனையொன்றை அடைத்துவைத்த பெண்மணி அதற்காகத் தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளதை நாம் அறிவோம். அடைத்தவர் மீதே பொறுப்பு என்பது அதில் அடங்கிய பாடம். கோழி தானே தேடியிருக்கக்கூடிய பச்சையை, அதை அடைத்த நாமன்றி வேறு யார் கொடுப்பது?

சந்தையில் கழித்த இலைகளில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம். வீட்டில் வளர்ப்பதே நலம். அரிசி கழுவிய நீர் பாயும் மூலையில் ஒரு முருங்கை போதும். சிறிது மண்தரை இருப்பின் வேலிமசால் விதைக்கலாம். 90 நாளில் முதல் அறுப்பு, பின்னர் 40 நாளுக்கொருமுறை. சிமெண்டுத் தரை மட்டுமே உள்ளவர்க்கு அசோலா உண்டு. நிழலில் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்து, சலித்த மண்ணும் சாணக் கரைசலும் இட்டு, நான்கு அங்குல நீரில் அதைத் தூவினால் இரு வாரத்தில் படர்ந்துவிடும். ஈரம் போக எஞ்சும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். சாண வாடை நீங்க அலசிப் போடுதல் வேண்டும். நம் ஊரின் சித்திரை வெயிலில் அது சோர்ந்துவிடும். அப்போது முருங்கை கைகொடுக்கும்.

பச்சை மட்டுமே தீனியாகிவிடாது. நாரும் நீரும் மிகுந்த இலையால் கோழியின் வயிறு நிறையுமேயன்றி உடல் தேறாது. ஆகவே தானியத்தைக் குறைத்தல் தகாது. சூபாபுல் இலையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டாதலின், அதைத் தவிர்ப்பது நன்று.

கீரையைத் தரையில் இறைத்தால் எச்சத்தில் மிதிபடும். கட்டாகக் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். வலைக்குள் சும்மா நின்று ஒன்றன் இறகை மற்றொன்று கொத்தும் வழக்கமும் அதனால் குறையும். அடுத்த மழைக்கு முன் ஒரு முருங்கை விதையையேனும் ஊன்றிவையுங்கள்.