ஜவ்வாது மலையின் மணமும் மனவேதனையும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறும் பேருந்தில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெண்ணிறக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தலைகாட்டும். அதையும் கடந்தால் ஜமுனாமரத்தூர். சாமை விளையும் சரிவுகளும் பலா, புளிய மரங்களும் சூழ, மலையாளி எனும் பழங்குடி மக்கள் வாழும் ஊர். இதுவே ஜவ்வாது மலை. பெயரிலேயே மணம் கமழ்கிறதல்லவா?

ஒரு காலத்தில் இம்மலை சந்தனத்தால் செழித்திருந்தது. சந்தன மரம் சொந்த நிலத்தில் வளர்ந்திருந்தாலும் வனத்துறையின் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். திருப்பத்தூரில் உள்ள அரசுச் சந்தனக் கிடங்கில்தான் மரம் தரம் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்படுகிறது. இத்தனை காவலுக்கிடையிலும் திருட்டு வெட்டு ஓயவில்லை. மலையில் சந்தனம் அருகிப்போயிற்று.

கோடரி பிடித்துப் பழகிய கைகளைத் தேடி அடுத்து வந்தவர்கள் செம்மரத் தரகர்கள். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். அதிலும் பெரும்பகுதி ஆந்திராவில். 1995-ஆம் ஆண்டிலேயே அதன் பன்னாட்டு வணிகம் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆயினும் கூலி ஆசை காட்டி ஏழைகளைச் சேஷாசலக் காட்டுக்குள் அனுப்பினர். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழர்கள் உயிரிழந்தனர். தற்காப்புக்காகவே சுட்டதாகக் காவல்துறை கூறியது; மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மாண்டவர்களில் இம்மலைவாசிகளும் இருந்தனர். தந்தையையும் கணவனையும் இழந்த குடும்பங்களின் துயரை எந்தச் சட்டத்தால் துடைக்க முடியும்?

வாசகர்களே, சட்டத்தின் கைக்கு எளிதில் அகப்படுபவன் கூலிக்கு வெட்டியவன், அகப்படாதவன் வாங்கியவன். வாங்குவோர் இல்லையேல் வெட்டுவோரும் இல்லை. நம் திருமண வீடுகளில் சந்தனம் மணக்கிறது. அத்தரும் மரச்சாமான்களும் நம் வாழ்வோடு கலந்தவை. உண்ணும் உணவில் ஹலால் பார்க்கும் நாம், வாங்கும் மரத்திலும் அதைப் பார்க்க வேண்டாமா? ரசீது கேளுங்கள், எங்கிருந்து வந்த மரம் என்று விசாரியுங்கள். விலை மலிவு என்பதற்காகத் திருட்டுப் பொருளுக்குத் துணை போகாதீர்கள்.

ஒருவர் நட்ட மரத்தின் பயனை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நடுவதற்கே இத்தனை நன்மையென்றால், நிற்கும் மரத்தைக் காப்பதும் நம் கடமையன்றோ? அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய சம்பாத்தியத்தையும் தூய நுகர்வையும் தந்தருள்வானாக!